நாலாம் நம்பர் மைக்

ஐயோ அக்கா, அதுல சொருகாதீங்க! கையை எடுங்க. எடுங்கன்னா எடுங்க. எந்த ஓட்டையில வேணும்னாலும் சொருகுங்க, அதுல மட்டும் வேண்டாம்.

முதல்ல உள்ள வாங்க. கதவைச் சாத்திக்கிடுங்க. குனிஞ்சு வாங்க, மேல கேலரிப் படிக்கட்டு, மண்டையில இடிக்கும். இந்தப் பொந்துக்குள்ள நின்னு எவ்வளவு பேசினாலும் ஆலயத்துல கேக்காது. இந்தக் கம்பி ஜன்னல் வழியா நமக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஐயர் இப்பத்தான் நாலாம் வார்த்தையைத் தொடங்கியிருக்காரு. பாதிரியாரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம். பெரிய வெள்ளியில, இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பிரசங்கம் இருக்குல்லா, அதுல நாலாவதுன்னா அவருக்கு உயிரு. ஏறினா லேசுல இறங்க மாட்டாரு. "பிரியமானவர்களேஏஏ... சிலுவையின் அடிவாரத்திலேஏஏ..."

என்ன திடுக்கிட்டுட்டீங்க? அது நான்தான். அவரு அங்க தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்காரு, பாருங்க. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில ஒரு வாலு விடணும், அவ்வளவுதான் ஐயர் குரல். ரொம்ப லேசு.

சரி, இப்ப சொல்லுங்க. உங்களை யாரு அனுப்பினது?

சென்னையில இருந்து வாரீங்க. கிராமத்து ஆலயங்கள்ல பாடுற பாட்டையெல்லாம் பதிவு பண்ணுதீங்க. ஐயர்ட்ட கேட்டீங்க, அவரு இந்த மைக்செட் மிக்ஸர்ல மாட்டிக்கிடச் சொன்னாரு. நம்புதேன். ஆனா ஒண்ணு கேக்கேன். இந்த மிக்ஸர் முதுகுல இத்தனை ஓட்டை இருக்கு. நேரா வந்து அந்த ஓட்டைக்கு ஏன் கை போச்சு?

"அதுலதான் சுத்தமா வரும்." ம்ம். சுத்தமா வந்து இந்தச் சபை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தச் சமாரியாபுரத்துல எல்லாருக்கும் என்னைத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எம் பேரு கெத்சியா. பதினொண்ணாம் கிளாஸ். அந்தா, கொயர்ல முன் வரிசையில வெள்ளைச் சேலை... எல்லாருமே வெள்ளைச் சேலைதான். கனகாம்பரக் கலர்ல பைபிள் உறை வச்சிருக்காள்லா, அதுதான் எங்க அம்மா, லீலாபாய். இந்தப் பிரசங்கம் முடிஞ்சதும் ஆல்டர் முன்னால வந்து ஒத்தையில பாடப் போறா. ஆர்கன் கிடையாது, கூடப் பாட ஆள் கிடையாது. நாலாம் வார்த்தைத் தனிப்பாட்டு. நான் பிறக்கிறதுக்கு முன்னால இருந்தே அது எங்க அம்மா பாட்டு.

அதனாலதான் சொல்லுதேன், அந்த ஓட்டை வேண்டாம்.

இதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கிடுங்க. ஒவ்வொரு மைக்குக்கும் இங்க ஒரு தள்ளுகட்டை, ஃபேடர்னு பேரு. மேல தள்ளினா சத்தம், கீழ இழுத்தா ஊமை. ஒண்ணாம் நம்பர் ஐயர் மைக். மூணு, கொயர்ல அம்மா பக்கத்துல நிக்கிற பெனிட்டா அக்கா. நாலு எங்க அம்மா. "ரெக் அவுட்"னு போட்டிருக்குல்லா, இந்த ஓட்டையில உங்க ரெக்கார்டரை மாட்டினா, சபை எதைக் கேக்கோ அதுதான் வரும். ஆனா நீங்க சொருகப் பாத்தீங்களே, ஆக்ஸ், அது குறுக்கு வழி. ஃபேடருக்கு முன்னாலயே சத்தத்தைப் பிடிச்சிடும். ஃபேடரைக் கீழ இழுத்து ஒருத்தர் வாயை அடைச்சு வச்சிருந்தாலும், அவங்க பாடினது அந்த ஓட்டையில அப்படியே வந்து நிக்கும்.

உங்களுக்குத் தெரியுமா? தெரியும்னே நினைச்சேன். அதான் சந்தேகம்.

இந்தப் பொந்து முன்ன பொன்னுத்துரை மாமா கையில இருந்தது. மைக்செட் பொன்னுத்துரைன்னா திசையன்விளை வரைக்கும் தெரியும். கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, எதுக்கும் அவரு மைக்செட்தான். எங்க அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மைக்குக்கு முன்னாலயே வளந்தவருல்லா, பேசுறதே குசுகுசுன்னுதான் பேசுவாரு. "ஹலோ... ஒன்... டூ... லீலாக்கா, சாப்பிட்டாச்சா?" சாப்பிட்டியான்னு கேக்குறதுக்கும் டெஸ்டிங்.

அப்பேர்ப்பட்ட தம்பி எங்க அம்மாவுக்கு என்ன பண்ணினாரு தெரியுமா?

எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. பாட்டு நம்பர் சொன்னதும் ஆர்கன் வாசிக்க மாட்டாங்க. எங்க அம்மா முதல் வரியை ஒத்தையில எடுத்துக் கொடுப்பா. அந்தச் சுருதியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சபை எந்திரிக்கும். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில அம்மா முதல் வரி எடுத்தா. அக்கா, சத்தியமாச் சொல்லுதேன், ஒருத்தர் எந்திரிக்கலை. அத்தனை பேரும் அப்படியே திரும்பிப் பாத்தாங்க. மெய்மறந்து போய்ட்டாங்க. எனக்கு அவ்வளவு பெருமை. ஆனா கொயர் மாஸ்டர் ஆசீர்வாதம் சாருக்குப் பொறுக்கலை. ரெண்டாம் வரிக்கு அம்மா வாயெடுக்கு முன்னால ஆர்கன்ல கையை ஓங்கிப் போட்டுட்டாரு. டொய்ங்!

அன்னைக்குத் தொடங்கினது. அதுக்கு அப்புறம் முதல் வரிக்கே ஆர்கன் வருது. பெனிட்டா அக்காவைக் கொண்டுவந்து அம்மா பக்கத்துல நிறுத்தியாச்சு. எங்க அம்மா இத்தனை வருஷமா யார் துணையில பாடினா? ஆசீர்வாதம் சார் இப்பல்லாம் அம்மாவுக்கு மட்டும் கையை இப்படிப் பெருசா வீசி வீசித் தாளம் காட்டுதாரு, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுத மாதிரி. பெனிட்டா அக்கா வேற, ஒவ்வொரு வரி தொடங்கவும் அம்மா முழங்கையை லேசாத் தொடுதா. பாட விடாம இடிக்கான்னு நான் கண்டுபிடிச்சேன்.

அப்புறம்தான் ஸ்பீக்கரைக் கவனிச்சேன். எனக்குக் குரல்னா கழுகுக் கண்ணு மாதிரி. கொயர்ல பதினாலு பேரு பாடினா பதினாலு பேரையும் தனித்தனியாப் பிரிச்சுச் சொல்லுவேன். அதுல எங்க அம்மா குரல் இல்லை. வாய் அசையுது. கழுத்து நரம்பு புடைக்குது. ஸ்பீக்கர்ல இல்லை.

வாயை அடைச்சிட்டாங்கன்னு புரிஞ்சுபோச்சு. ஆனா பிடிக்கணும்லா?

எங்கிட்ட ஒரு ரெக்கார்டர் உண்டு, சோப்பு டப்பா அளவு. அப்பா மஸ்கட்ல இருந்து பாடம் பதிஞ்சு படிக்கக் கொண்டாந்தாங்க. நான் ஹெட்மாஸ்டர் தும்மலைத்தான் பதிஞ்சு வச்சிருக்கேன். அதை பைபிள் பையில போட்டுக்கிட்டு வந்தேன். மாமா இந்தக் கதவை விட்டு அசைய மாட்டாரே, என்ன பண்ண? ஐயர் அங்கி மாட்டுற வெஸ்டிரி ரூம் ஜன்னல் ஓரமா நின்னு, "பொன்னுத்துரைஏஏ... இங்கே சற்று வாரும்ஏஏ..." அவ்வளவுதான். மாமா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினாரு பாருங்க! ஐயர் அப்ப காருக்குள்ள உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தாரு. இவரு போய், "கூப்பிட்டீங்களா ஐயரவாள்?"னு நிக்க, அவரு வாயில முறுக்கோட, "ழா... ழான் கூப்பிடலையே"ன்னு முழிக்க... சிரிக்காதீங்க அக்கா, பெரிய வெள்ளி.

முதல் வாரம் அவசரத்துல ஒயரை ரெக்கார்டர்ல ஹெட்போன் ஓட்டையில சொருகிட்டேன். ஆராதனை முழுக்கப் பதிஞ்சு, வீட்டுல போய்க் கேட்டா ஒண்ணுமே இல்லை. ஐயர் இல்லாத ஆராதனை. அதுவும் நல்லாத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ரெக் அவுட். எல்லாரும் வந்தாங்க. பெனிட்டா அக்கா வந்தா, ஆர்கன் வந்தது, யாரோ கைக்குழந்தை வீறிட்டது வந்தது. எங்க அம்மா இருக்க வேண்டிய இடத்துல ஒரு பள்ளம். ஆனா அது சாட்சிக்கு ஆகாது. அன்னைக்கு மெதுவாப் பாடினாங்கன்னு சொல்லி மாமா தப்பிச்சிடுவாருல்லா? அதான் மூணாவது வாரம் இந்த ஆக்ஸ்ல மாட்டினேன். நாலாம் நம்பருக்கு மட்டும் ஆக்ஸ் குமிழைத் திருகி வச்சேன். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் ஓட்டிப் பாத்தேன், எங்க அம்மா குரல், பளிச்சுன்னு. உடனே நிறுத்திட்டேன். மீதியைச் சபை நடுவுல கேக்கணும்னு வச்சிட்டேன். பட்டாசை யாராவது வீட்டுக்குள்ள வெடிச்சுப் பாப்பாங்களா?

அங்க என்ன, ஐயர் கையைத் தூக்கிட்டாரு? பயப்படாதீங்க. இன்னும் அவரு பம்பாய் ரயில் கதை சொல்லலை. அதைச் சொல்லாம முடிக்க மாட்டாரு.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, கொயர் பிராக்டிஸ். ஞாயிறு பள்ளி ரூம்ல எல்லாரும் இருந்தாங்க. பொன்னுத்துரை மாமாவும் ஒயர் சுத்திக்கிட்டுக் கடைசி பெஞ்சுல. நான் என் குட்டி ஸ்பீக்கரை நடு மேசையில வச்சு, "சபையாரே! இந்த ஆலயத்துல ஒரு குரலைக் கொன்னுட்டாங்க. கொன்ன ஆளும் இங்கதான் இருக்காரு"ன்னேன். ஆசீர்வாதம் சார், "ம்க்கும்... அதாவது... என்ன பிள்ள இது? அதாவது..."ன்னாரு. நான் பிளேயை அமுக்கிட்டேன்.

எங்க அம்மா பாடினா.

அக்கா, அந்த ஒயர்ல ஏதோ பண்ணியிருக்காங்க. சுருதி எங்கேயோ இருக்கு, குரல் எங்கேயோ போகுது. மேல போக வேண்டிய இடத்துல கீழ இறங்குது. மத்தவங்க நிறுத்தின பிறகும் குரல் தனியாப் போய்க்கிட்டே இருக்கு, ஸ்டாப் தெரியாத பஸ் மாதிரி. ஒருத்தரும் தலை தூக்கலை. ஆசீர்வாதம் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, துடைச்சாரு, துடைச்சுக்கிட்டே இருந்தாரு. பெனிட்டா அக்கா அழுதா. குத்தமுள்ள நெஞ்சுல்லா?

எங்க அம்மா மட்டும் எந்திரிச்சு ஸ்பீக்கர் பக்கத்துல வந்தா. குனிஞ்சு தலையைச் சாய்ச்சு, "ஏட்டி, சத்தமே வரலையே. கூட்டி வை"ன்னா.

கூட்டி வச்சேன். கடைசி வரை திருகி வச்சேன். ஜன்னல் கண்ணாடி அதிருது. அம்மா கண்ணை மூடிக்கிட்டு, மேசை மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு, சிரிச்ச முகமாக் கேட்டா. முடிஞ்சதும் திரும்பி, "நல்லா வந்திருக்குல்லா சார்?"

"நல்லா... ம்க்கும்... ரொம்ப நல்லா வந்திருக்கு லீலாக்கா"ன்னாரு ஆசீர்வாதம் சார். பொய் சொல்லும்போது மட்டும் அவருக்கு "அதாவது" வராது. கவனிச்சு வச்சிருக்கேன்.

நான் விடுவேனா? "மாமா, இது யார் பண்ணின வேலை?"ன்னு கேட்டேன். பொன்னுத்துரை மாமா கடைசி பெஞ்சுல இருந்து எந்திரிச்சாரு. அவரு உரக்கப் பேசி அன்னைக்குத்தான் கேட்டேன். அம்மா முகத்தைப் பாத்து, ஒவ்வொரு சொல்லா, "தப்பு என்னோடதுதான் லீலாக்கா. நாலாம் நம்பர் ஒயர் பழசு. உங்க குரலைக் கெடுக்குது. அதான் கீழ இழுத்து வச்சேன். மன்னிச்சிடுங்க"ன்னாரு.

பாத்தீங்களா? ஒத்துக்கிட்டாரு! அத்தனை பேரு முன்னால, அவரு வாயாலேயே!

ஆனா எனக்கு அங்கதான் மூளையில மணி அடிச்சது. யாராவது இவ்வளவு லேசா ஒத்துக்கிடுவாங்களா? எங்க சபையில ஒரு நாற்காலி உடைஞ்சா ஒம்பது மாசம் கமிட்டி போடுவாங்க. அன்னைக்கு ஒருத்தர் கோவப்படலை, ஒருத்தர் கேள்வி கேக்கலை. ஆளாளுக்கு வந்து மாமா தோளைத் தட்டிட்டுப் போறாங்க. தப்பு பண்ணினவனைத் தட்டிக் கொடுத்துட்டுப் போற சபையை நீங்க பாத்திருக்கீங்களா?

"அப்படின்னா மிக்ஸர் ரூம் சாவியை எங்கிட்ட தாங்க. எங்க அம்மா மைக்கை நான் பாத்துக்கிடுதேன்"னேன். சும்மா வீம்புக்குத்தான் கேட்டேன். டக்குன்னு இடுப்புல இருந்து எடுத்துக் கையில வச்சிட்டாரு. திரும்பக் குசுகுசு. "ஹெட்போன் உள்ள தொங்குது. எல்லா மைக்கையும் அதுல கேட்டுப் பாரு, பிள்ள." அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துட்டுப் போய்ட்டாரு. இதுல ஏதோ பொறி இருக்குன்னு நான் அன்னைக்கு நைட்டு முழுக்க யோசிச்சேன்.

மறுநாளே திசையன்விளைக்குப் போய்ப் புது ஒயர் வாங்கினேன். மாட்டி, அம்மா பாடும்போது ஹெட்போன்ல கேட்டேன். அதே மாதிரிதான் வந்தது. சரி, மைக்தான் கோளாறுன்னு, பெனிட்டா அக்கா மைக்கை அம்மாவுக்கும் அம்மா மைக்கை பெனிட்டா அக்காவுக்கும் மாத்தி வச்சேன். அந்த மைக்ல பெனிட்டா அக்கா தேன் மாதிரி வாரா. இந்த மைக்ல அம்மா அதே மாதிரிதான் வாரா. அப்ப மிக்ஸர்லயேதான் கோளாறு. அம்மாவை ஆறாம் நம்பருக்கு மாத்தினேன். அங்கயும் அதே. மாமா பலே ஆளு அக்கா. எங்க மாத்தினாலும் அந்தக் கோளாறு எங்க அம்மா பின்னாலயே வருது. எப்படிப் பண்ணினாருன்னு இன்னும் கண்டுபிடிக்க முடியலை. மறுபடியும் நாலுக்கே கொண்டாந்துட்டேன்.

என்ன பாக்கீங்க? ஏன் காதைத் தொட்டுக் காட்டுதீங்க?

எங்க அம்மாவுக்கா? காதா? நல்லாக் கேட்டீங்க போங்க! எங்க அம்மாவுக்குப் பாம்புச் செவி. முன்ன நான் அடுக்களை வாசல்ல நின்னு குக்கர் விசில் அடிப்பேன். ஓடி வந்து அடுப்பை அணைப்பா. அப்புறம் கரண்டியோட என்னை விரட்டுவா. இப்ப அடிச்சா திரும்பியே பாக்க மாட்டா. உஷாராயிட்டா. நிஜ விசில் வந்தாலும் நான்தான்னு நினைச்சு விட்டுடுதா, போன மாசம் பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு. அப்பா போன் பேசினா ஸ்பீக்கர்ல போட்டு, என்னையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் பேசுவா. அவ்வளவு திறந்த மனசு. அப்பா ஒண்ணு சொன்னா, "என்னட்டி சொல்லுதாவ?"ன்னு என்னைக் கேப்பா. எல்லா வீட்டுலயும் அப்படித்தான், புருஷன் பேச்சை யாரு காதுல வாங்குதா?

டாக்டர்ட்ட காட்டினோமான்னா? டாக்டருமில்லை, ஒண்ணுமில்லை. மிக்ஸர் கோளாறுன்னு சொல்லுதேன்லா?

மெதுவா. ஐயர் பம்பாய் ரயில்ல ஏறிட்டாரு. கேக்கா? "அந்த வாலிபன் தன் தாயைப் பிளாட்பாரத்திலேஏஏ..." இனி கொஞ்ச நேரம்தான்.

கேளுங்க, முக்கியமான இடம் இதுதான். இந்தத் திங்கக்கிழமை ஆசீர்வாதம் சார் வீட்டுக்கு வந்தாரு. வந்த காரியம் எனக்குத் தெரியும். தனிப்பாட்டை பெனிட்டா அக்காவுக்குக் கொடுக்கணும். நான் கதவு மறைவுல நின்னேன். அம்மா காப்பி கொடுத்தா.

"அதாவது லீலாக்கா... இந்த வருஷம்... அதாவது, தனிப்பாட்டு விஷயமா..."

"சீனி போதுமா சார்?"

"போதும், போதும். அதாவது, வயசு ஆகுதுல்லா, எல்லாருக்கும்... ஒரு ஓய்வு மாதிரி..."

"ஆமா சார், சேலையை வெளுத்துக் கஞ்சி போட்டு வச்சிட்டேன். பாக்கீங்களா?"

உள்ள போய் அந்த வெள்ளைச் சேலையைக் கொண்டாந்து அவரு மடியிலேயே வச்சிட்டா. மனுஷன் சேலையையும் பாக்காரு, அம்மாவையும் பாக்காரு. காப்பியை ஒரே மடக்குல குடிச்சுட்டு, "நல்ல வெளுப்பு"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாரு. தெருமுனை வரைக்கும் நான் பின்னாலயே போனேன். "சார், தனிப்பாட்டு எங்க அம்மாதான?"ன்னு கேட்டேன். அவரு நின்னு திரும்பினாரு. "மிக்ஸர்ல நீதான பிள்ள இருக்கே?"ன்னாரு. "ஆமா"ன்னேன். "அப்ப உங்க அம்மாதான்"னுட்டுப் போய்ட்டாரு.

அதுல "அதாவது" வரலை. அதனால பொய்யான்னு ஒரு சந்தேகம். ஆனா பொய் மாதிரியும் தெரியலை.

சரி, கொடுங்க உங்க ரெக்கார்டரை. இந்த ரெக் அவுட்ல நானே மாட்டுதேன். ஸ்விட்சை லைன்ல வச்சிருக்கீங்களா, மைக்ல வச்சிருக்கீங்களா? லைன்ல வைங்க, இல்லைன்னா காதைக் கிழிக்கும். இதுல மாட்டினா போதும். சபை கேக்குறது உங்களுக்கும் வரும். அதுக்கு மேல யாருக்கும் எதுக்கு?

நாலாம் நம்பர் ஏன் கீழ கிடக்குன்னு கேக்கீங்களா? கோளாறு சரியாகலைல்லா அக்கா! கெட்டுப்போன லைனைத் திறந்து எங்க அம்மா பேரைக் கெடுக்கச் சொல்லுதீங்களா? நான் பொன்னுத்துரை மாமா மாதிரி இல்லை. அவரு சும்மா அடைச்சு மட்டும்தான் வச்சாரு. எனக்கு அதுக்கு மேல தெரியும்.

இது எட்டாம் நம்பர். இந்தக் குட்டி மைக். இதை மட்டும் இங்க உள்ள வச்சிருக்கேன்.

என் பழைய ரெக்கார்டிங்ல துழாவினேன். எட்டாம் கிளாஸ் படிக்கும்போது, மாவாட்டும் சத்தத்தைப் பதியணும்னு கிரைண்டர் பக்கத்துல வச்சிருந்தேன். கிரைண்டருக்குப் பின்னால எங்க அம்மா இந்தப் பாட்டைப் பாடிக்கிட்டு இருக்கா, பெரிய வெள்ளிக்காகப் பழகிக்கிட்டு. முழுசா இருக்கு, மூணு சரணமும். நான் அன்னைக்குக் கவனிக்கவே இல்லை, எனக்கு கிரைண்டர்தான் வேண்டியிருந்தது. இந்த வாரம் முழுக்க மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காந்து அதைக் கேட்டேன். ஊர்ல உள்ள அத்தனை குரலையும் எடுத்திருக்கேன் அக்கா, கழுதைகூட என் குரலுக்குப் பதில் சொல்லும். எங்க அம்மா குரலை எடுத்ததே இல்லை. தோணினதும் இல்லை. ஐயருக்கு ஒரு வாலு போதும், சாருக்கு ஒரு "அதாவது" போதும். அம்மாவுக்கு அப்படி ஒட்டவைக்க ஒண்ணுமே கிடைக்கலை. கேலி பண்ண ஒரு இடம் வேணும்லா, பிடிச்சுத் தொங்க? இல்லை. மூச்சு எங்க எடுக்கான்னு பாத்துப் பாத்து, அவ மூச்சு எடுக்கிற இடத்துல நானும் எடுத்து எடுத்துத்தான் வந்தது.

இதுதான் அக்கா நான் இதுவரைக்கும் பண்ணினதுலயே பெரிய விளையாட்டு. எங்க அம்மா குரல்ல பாடி ஒரு சபையையே ஏமாத்தப் போறேன்! முன் பெஞ்சுக்காரங்களுக்கு மட்டும் பக்கத்துல நிக்கிற அம்மாவோட நிஜக் குரலும் சேந்து கேக்கும். அவங்க வாயைத் திறந்தாத்தான் உண்டு. திறக்க மாட்டாங்கன்னு நினைக்கேன். காலையில அங்க முதல் ஆளா வந்து உக்காந்தது யாரு தெரியுமா? பொன்னுத்துரை மாமா. அந்தப் பெஞ்சு முழுக்க அவரு வீட்டு ஆளுகளையே கொண்டாந்து நிரப்பியிருக்காரு. என்ன திட்டம்னு தெரியலை.

ஆமென் சொல்லிட்டாங்க. அம்மா எந்திரிக்கா. நடந்து வாரா, பாருங்க. அவ கால் தரை விரிப்புல படுறதைக்கூட நான் இப்ப கவனிக்கணும். வாய் எப்பத் திறக்குதோ அப்ப நானும் திறக்கணும். ஆசீர்வாதம் சார் தூணுக்குப் பின்னால நின்னு கை காட்டுதாரு. அம்மாவுக்கு ஒரு கை. இன்னொரு கை இங்க, நம்ம ஜன்னலைப் பாத்து. அவரு ஏன் இங்க காட்டுதாரு? நான் அவருட்ட ஒண்ணுமே சொல்லலையே!

உங்க ரெக்கார்டர்ல ஏன் சிவப்பு லைட் அணைஞ்சு கிடக்கு? நீங்களா அணைச்சீங்க? பதிய வேண்டாமா?

போடுங்க அக்கா. தயவுசெஞ்சு போடுங்க. மஸ்கட்டுக்கு அனுப்பணும். பின்னால எப்பவாவது, யாராவது கேட்டா, லீலாபாய் பாடினது அதுல இருக்கணும்.

ம். எரியுது.

அம்மா இந்தப் பக்கம் பாக்கா. புருவத்தைத் தூக்கிக் கேக்கா பாருங்க, சரியா இருக்கான்னு. நான் கட்டைவிரலைக் காட்டிட்டேன். சிரிக்கா.

இனி மூச்சுச் சத்தம்கூட வேண்டாம் அக்கா. மைக்கைத் திறக்கேன்.